ட்யூப் மைக்கும் அதன் பவர் பாக்ஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“அண்ணே, ட்யூப் போயிடுச்சு. புதுசு எங்க கிடைக்கும்?” இப்படித் தொடங்கும் பத்து அழைப்புகளில் எட்டில் ட்யூபுக்கு, அதாவது மைக்குக்குள் இருக்கும் பழைய ரேடியோ பாணிக் கண்ணாடி வால்வுக்கு, ஒன்றும் ஆகியிருக்காது. கேபிளில் ஒரு பின் தளர்ந்திருக்கும், கேப்ஸ்யூலில் ஈரம் ஏறியிருக்கும், அல்லது பவர் பாக்ஸுக்குள் ஒரு கெப்பாசிட்டர் உப்பியிருக்கும். ட்யூப் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எரிகிறது, அதனால் பழியும் அதன்மேலேயே விழுகிறது. கீழே உள்ளவை என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள். சென்னையிலும் கடலோர ஊர்களிலும் சின்ன ஸ்டுடியோ வைத்திருப்பவர்களை மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

சாதாரண கன்டென்சர் மைக் ஒரே கேபிளில் வேலை செய்கிறது. ட்யூப் மைக்குக்கு மட்டும் எதற்குத் தனிப் பெட்டி?

மைக்கின் தலையில் இருக்கும் கேப்ஸ்யூல் ஒரு கெப்பாசிட்டர்தான். ஃபேன் ரிப்பேர் கடையில் இன்றும் ‘கன்டென்சர் போயிடுச்சு’ என்கிறார்களே, அதே கன்டென்சர். மைக்குக்கும் பெயர் அங்கிருந்துதான் வந்தது. ஒரு பக்கம் பித்தளைத் தட்டு. எதிரில் தங்கம் பூசிய பிளாஸ்டிக் சவ்வு, பெரும்பாலும் 6 மைக்ரான் தடிமன், அதாவது தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. குரல் பட்டதும் சவ்வு அசைகிறது, அசைவுக்கேற்ப மின்னழுத்தம் மாறுகிறது. ஆனால் அந்தச் சிக்னலுக்கு ஒரு கேபிளைக்கூடத் தாண்டும் தெம்பு கிடையாது. பக்கத்திலேயே ஒருவர் அதைத் தாங்கிப் பிடித்து வெளியே அனுப்ப வேண்டும். அந்த வேலையை இன்றைய மைக்குகளில் எஃப்.இ.டி. என்ற ட்ரான்சிஸ்டர் செய்கிறது, ட்யூப் மைக்கில் ட்யூப் செய்கிறது.

எஃப்.இ.டி.க்குச் சில மில்லி ஆம்பியர் போதும். ட்யூபுக்கு ஹீட்டர் எரிய வேண்டும். பல மைக்குகளில் இருக்கும் 12ஏஎக்ஸ்7 ட்யூபின் ஹீட்டருக்கு 12.6 வோல்ட்டில் 150 மில்லி ஆம்பியர், ஏறக்குறைய 2 வாட் வேண்டும். மிக்ஸர் மைக் கேபிளிலேயே அனுப்பும் 48 வோல்ட் மின்சாரம், அதாவது ஃபேன்டம், வழியாக உச்சபட்சம் எடுக்கக்கூடியது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இதுபோக ட்யூபுக்குள் இருக்கும் ப்ளேட் என்ற தகட்டுக்கு 100 முதல் 200 வோல்ட் டி.சி., கேப்ஸ்யூலைச் சார்ஜில் வைக்க 60 வோல்ட் அளவில் போலரைசேஷன். இத்தனையையும் தயாரித்து அனுப்பத்தான் அந்தப் பெட்டி.

48 வோல்ட் ஃபேன்டமே பிற்பாடு வந்தது. 1966ஆம் ஆண்டு நாய்மன் நிறுவனம் அதைக் கொண்டுவரும்வரை கன்டென்சர் மைக் என்றால் பெரும்பாலும் கூடவே ஒரு பெட்டி இருந்தது.

மிக்ஸரில் ஃபேன்டம் ஆன் ஆகியிருந்தால் மைக் கெட்டுவிடுமா?

பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பெட்டியின் வெளியீட்டில் 48 வோல்ட் இரண்டு கம்பியிலும் சமமாக நிற்கும், மைக்குக்குள் இருக்கும் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் அதைக் கண்டுகொள்ளாது. கேபிளில் ஒரு கம்பி அறுந்திருந்தால் கதை வேறு. தேவையில்லாத ஒன்றை எதற்கு ஆனில் வைக்க வேண்டும்? அணைத்துவிடுங்கள்.

எந்த வரிசையில் ஆன் செய்வது, எந்த வரிசையில் ஆஃப் செய்வது?

மைக், ஏழு பின் கேபிள், பெட்டி, பெட்டியிலிருந்து ப்ரீஆம்புக்கு (மைக் சிக்னலைப் பெரிதாக்கும் கருவி) போகும் மூன்று பின் கேபிள் என எல்லாவற்றையும் மாட்டி முடித்த பிறகே பெட்டியின் சுவிட்சில் கை வைக்க வேண்டும். அதுவரை ப்ரீஆம்பின் கெயின் கீழே இருக்கட்டும், ஸ்பீக்கர் மியூட்டில் இருக்கட்டும்.

அணைக்கும்போது முதலில் கெயின், பிறகு பெட்டி. அதற்குப் பிறகு இரண்டு மூன்று நிமிடம் எதையும் தொடாதீர்கள். சுவிட்சை அணைத்தாலும் உள்ளே கெப்பாசிட்டர்களில் 100 வோல்ட்டுக்கு மேல் சார்ஜ் நிற்கும். அவசரத்தில் கேபிளைக் கழற்றினால் பின்னில் பொறி பறக்கும், பின்னும் கருகும். பெட்டி ஆனில் இருக்கும்போது மைக்கைக் கழற்றி மாட்டுவதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். பழுதாகி வரும் மைக்குகளில் மனிதக் கையால் நேர்ந்தது என்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய பழுது இது ஒன்றுதான்.

எவ்வளவு நேரம் சூடேற விட வேண்டும்?

அரை நிமிடத்தில் சத்தம் வந்துவிடும். ஆனால் ட்யூபும் அதைச் சுற்றியிருக்கும் ரெசிஸ்டர்களும் ஒரு வெப்பநிலைக்கு வந்து நிலைக்க 15, 20 நிமிடம் ஆகும். பாடகர் வந்து காபி குடித்து முடிப்பதற்குள் ஆகிவிடும். மழைக்காலத்தில் ஒரு மணி நேரம் கொடுங்கள், காரணம் கீழே வருகிறது.

பிறகு ராத்திரி பகலாக ஆனிலேயே வைத்துவிடலாமா?

வேண்டாம். மைக்கில் ட்யூபுக்கு அதிகச் சுமை இல்லை, நல்ல ட்யூப் ஆயிரக்கணக்கான மணி நேரம் உழைக்கும். ஆனால் ஒரு நாள் முழுக்க ஆனில் விட்டால் 24 மணி நேரம் கழிந்துவிடும், ஒரு வருடத்தில் 8,760. பெட்டிக்குள் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களும் சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும். காலையில் ஆன், ரெக்கார்டிங் முடிந்ததும் ஆஃப். நடுவில் சாப்பாட்டு இடைவேளைக்கெல்லாம் அணைத்து அணைத்துப் போட வேண்டியதில்லை, அது ஹீட்டருக்கு நல்லதல்ல.

இரண்டு கம்பெனி மைக் வைத்திருக்கிறேன். இரண்டிலும் ஏழு பின் கேபிள்தான். மாற்றி மாட்டலாமா?

கூடாது. எக்ஸ்.எல்.ஆர். எனப்படும் மூன்று பின் மைக் பிளக்குக்கு உலகம் முழுக்க ஒரே ஒழுங்கு உண்டு. ஏழு பின்னுக்கு அப்படி எதுவும் இல்லை. ஒரு கம்பெனி ஹீட்டருக்கு வைத்த பின்னில் இன்னொரு கம்பெனி 120 வோல்ட் வைத்திருக்கலாம். சாவி பூட்டுக்குள் போகிறது என்பதற்காக வீடு உங்களுடையதாகிவிடாது. மைக், கேபிள், பெட்டி மூன்றிலும் ஒரே நிற டேப் ஒட்டி வையுங்கள்.

நீளமான கேபிள் செய்து தரச் சொல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 6.3 வோல்ட்டில் 300 மில்லி ஆம்பியர் இழுக்கும் ஹீட்டருக்கு, போய் வரும் கம்பியில் ஒரு ஓம் இருந்தாலே 0.3 வோல்ட் வழியிலேயே போய்விடும். அது 5 சதவீதம். மெல்லிய கம்பியில் 15 மீட்டர் இழுத்துவிட்டு ‘ட்யூப் டல்லாக இருக்கிறது’ என்று சொன்னால் தவறு ட்யூபில் இல்லை.

‘ம்ம்ம்’ என்று ஹம் வருகிறது. என்ன செய்வது?

முதலில் அந்த ஹம்முக்கு ஸ்ருதி பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஹம் 50 ஹெர்ட்ஸா, 100 ஹெர்ட்ஸா என்பதிலேயே பாதி வைத்தியம் இருக்கிறது. ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் ஏதாவது ஒரு ஸ்பெக்ட்ரம் அனலைசரைப் போட்டால் எண் தெரிந்துவிடும். பாட்டுக்காரர்கள் காதிலேயே பிடிப்பார்கள்: இரண்டுமே 5 கட்டை ஸ்ருதிக்குச் சற்று மேலே நிற்கும் ஷட்ஜம்தான், 50 மந்தரத்துக்கும் கீழே, 100 அதற்கு ஒரு ஸ்தாயி மேலே.

100 ஹெர்ட்ஸ் என்றால் பெட்டிக்குள் ஏ.சி.யை டி.சி. ஆக்கிய பிறகு அது சரியாக வடிகட்டப்படவில்லை. ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் கிழடாகிவிட்டன என்று பொருள். மாற்றினால் தீரும், அது டெக்னீஷியன் வேலை.

50 ஹெர்ட்ஸ் என்றால் உடனே பெட்டியைத் திறக்க வேண்டாம். அது பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது. ஆடியோ இன்டர்ஃபேஸும் மைக் பெட்டியும் வேறு வேறு பிளக் பாயின்டில் இருந்தால் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குக் கொண்டு வாருங்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். யு.பி.எஸ்., ஆம்ப்ளிஃபயர், ஸ்டெபிலைசர் ஆகியவற்றின் மேல் மைக் பெட்டியை அடுக்கி வைத்திருந்தால் இறக்கி இரண்டடி தள்ளி வையுங்கள். பெரிய ட்ரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் பக்கத்தில் இருப்பதையெல்லாம் பாட வைக்கும். பிறகு கேபிள், ஷீல்டு ஒரு முனையில் விட்டுப்போயிருக்கலாம்.

இந்த இடத்தில் யாராவது ‘எர்த் பின்னைக் கழற்றிப் பாருங்க, ஹம் போயிடும்’ என்பார்கள். போகும்தான். அந்தப் பெட்டிக்குள் 230 வோல்ட் இருக்கிறது. உலோக உடம்புள்ள மைக்குக்கு நான்கு விரற்கடைத் தூரத்தில் பாடகரின் உதடு இருக்கிறது. எர்த்தை எடுத்த நாளில் உள்ளே ஒரு இன்சுலேஷன் பழுதானால் அந்த மின்சாரம் போக வேறு வழி கிடையாது. ஹம்மோடு ஒரு பாட்டை ரெக்கார்ட் செய்து பிறகு ஃபில்டர் போட்டுக்கொள்ளலாம்.

சில பழைய வாடகை வீடுகளில் பிளக் பாயின்டில் எர்த் துளை இருக்கும், எர்த் கம்பி இருக்காது. நியூட்ரலையே எர்த்தோடு முறுக்கி விட்டிருப்பார்கள். ஸ்டுடியோ போடும் முன் ஒரு எலக்ட்ரீஷியனை வைத்து அதைப் பார்த்துவிடுங்கள்.

கரன்ட் போனால் இன்வர்ட்டரில் ஓட்டலாமா?

ப்யூர் சைன் வேவ் இன்வர்ட்டராக இருந்தால் ஓட்டலாம். ஸ்கொயர் வேவ் என்றால் ஹம்முக்குப் பதில் வண்டு ரீங்காரம் கேட்கும், ட்ரான்ஸ்ஃபார்மரும் கூடுதலாகச் சூடாகும். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டி என்றால், பிளக்கில் சொருகுவதற்கு முன் பின்பக்கத்து வோல்ட்டேஜ் செலக்டர் 230இல் இருக்கிறதா என்று பாருங்கள். 115இல் இருந்தால் அதிர்ஷ்டம் இருப்பவருக்கு ஃப்யூஸ் மட்டும் போகும். செலக்டரே இல்லாத அமெரிக்கப் பெட்டிக்கு ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

ஐப்பசி வந்தால் மைக்கில் ‘பட் பட்’ என்று வெடிக்கிறது. ட்யூபா?

இல்லை, ஈரம். இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கேப்ஸ்யூலையும், ட்யூபுக்குள் சிக்னல் நுழையும் க்ரிடையும் சுற்றியிருக்கும் ரெசிஸ்டர்கள் கோடி ஓம்களில் பேசுபவை. பல மைக்குகளில் 1 கிகா ஓம், அதாவது நூறு கோடி ஓம். இவ்வளவு பெரிய தடைக்குப் பக்கத்தில் ஒரு விரல் ரேகையின் எண்ணெய்ப் பிசுக்கு, அதில் ஒட்டிய உப்புக்காற்று, அதன் மேல் படிந்த ஈரம் எல்லாம் சேர்ந்தால் மின்சாரத்துக்கு அது குறுக்குச்சந்து. அந்தச் சந்து வழியாகச் சார்ஜ் கசிந்து கசிந்து போவதுதான் உங்கள் காதில் ‘பட் பட்’. சில நாள் அது ‘ஷ்ஷ்’ என்றும், தூரத்தில் அப்பளம் பொரிவது போலவும் கேட்கும்.

ஏ.சி. ஸ்டுடியோக்காரர்கள் எங்களிடம் ஈரமே இல்லை என்பார்கள். குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியதும் கண்ணாடி மங்குகிறதே, அதுதான் மைக்குக்கும் நடக்கிறது. 22 டிகிரி அறையில் கிடந்த மைக்கை எடுத்துப் புழுக்கமான கல்யாண மண்டபத்தில் வைத்துத் திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் முழுக்கக் குளிர்ந்த சவ்வின் மேல் படியும். அரை மணி, முக்கால் மணி நேரம் மைக் வைத்திருக்கும் கேஸைத் திறக்காமல் அப்படியே வைத்து, மைக் அந்த இடத்துச் சூட்டுக்கு வந்த பிறகு வெளியே எடுங்கள்.

ஏற்கெனவே வெடிக்கத் தொடங்கிவிட்டதா? ஆன் செய்து ஒரு மணி, இரண்டு மணி நேரம் விட்டுப் பாருங்கள். ட்யூபின் சூடே கொஞ்சம் உலர்த்தும், லேசான ஈரம் அதிலேயே போய்விடும். போகவில்லை என்றால் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு இரண்டு நாள். ஹேர் டிரையர் வேண்டாம், சவ்வு தாங்காது. அரிசி டப்பாவும் வேண்டாம், அரிசி மாவுத் தூசி உள்ளே போனால் அதற்குத் தனி வைத்தியம் பார்க்க வேண்டும்.

சிலிக்கா ஜெல் போட்டுத்தான் வைத்திருக்கிறேன், இருந்தும் வருகிறதே?

எப்போது போட்டது? மைக் வாங்கியபோது வந்த அதே பொட்டலம் மூன்று வருடமாகக் கிடக்கிறது என்றால் அது என்றோ வயிறு நிரம்பிப் போயிருக்கும். நிறம் மாறும் ரகம் வாங்குங்கள். நீலம் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். ஆரஞ்சு ரகம் பச்சையாகும். ஓவனில் 110, 120 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால் பழைய நிறம் திரும்பும், சமையலுக்குப் பயன்படுத்தும் ஓவன் வேண்டாம். இரண்டு மூன்று மைக் வைத்திருப்பவர்கள் கேமரா லென்ஸுக்கு விற்கும் டிரை கேபினட் ஒன்று வாங்கி 40 முதல் 50 சதவீதத்தில் வைத்துவிட்டால் இந்தத் தலைவலி தீர்ந்தது.

கேப்ஸ்யூலை வீட்டிலேயே சுத்தம் செய்யலாமா?

வலையை மட்டும் செய்யலாம். கழற்றிய வலையையும் அதிலுள்ள ஃபோமையும் சோப்புத் தண்ணீரில் அலசி நன்றாகக் காய வைத்து மாட்டுங்கள், எச்சில் வாடை போகும். கேப்ஸ்யூல் பக்கம் துணி, பஞ்சு, வாயால் ஊதுவது, ஏர் ஸ்ப்ரே எதுவும் போகக் கூடாது. தங்கப்பூச்சு ஒரு தேய்ப்பில் உரிந்துவிடும்.

சுத்தம் செய்யும் நிலை வராமல் பார்ப்பதே நல்லது. வாய்க்காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டர் இல்லாமல் யாரையும் பாட விடாதீர்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள்: வெள்ளிக்கிழமை சாம்பிராணி. ஆனில் இருக்கும் கேப்ஸ்யூலில் 60 வோல்ட் நிற்கிறது, சுற்றியுள்ள தூசியையும் புகையையும் அது இழுத்துக்கொள்ளும். பூஜை போட்டு ரெக்கார்டிங் தொடங்குவது நம் வழக்கம், அதில் எனக்கு மறுப்பில்லை. மைக்கை அதன் கேஸுக்குள் வைத்துவிட்டு ஊதுவத்தி ஏற்றுங்கள்.

அப்படியானால் ட்யூப் நிஜமாகவே போய்விட்டது என்று எப்படித் தெரியும்?

வேறு கேபிள் போட்டுப் பார்த்து, ஈரம் உலர்த்திப் பார்த்து, ஹம்மின் எண் பார்த்து, பிறகும் ‘ஸ்ஸ்’ மாதாமாதம் ஏறுகிறது, சத்தம் குறைந்துகொண்டே போகிறது, உச்ச ஸ்தாயியில் குரல் கரகரக்கிறது என்றால் ட்யூபைச் சந்தேகிக்கலாம். மைக்கின் உடம்பைப் பென்சிலால் மெல்லத் தட்டினால் எல்லா ட்யூபும் லேசாகக் கேட்கும். மணி அடித்தது போல் நீண்டு ஒலித்தால் அதன் உள்ளுறுப்புகள் தளர்ந்துவிட்டன. கடைசிச் சோதனை, நன்றாக இருப்பதாகத் தெரிந்த வேறொரு ட்யூபைப் போட்டுப் பார்ப்பது.

மாற்றும்போது அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ட்யூப் ஆறும்வரை பொறுங்கள். நேராக மேலே இழுங்கள், ஆட்டி ஆட்டிப் பிடுங்கினால் சாக்கெட் தளரும். கண்ணாடியில் விரல் படக் கூடாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது ஹாலஜன் பல்புக்கான விதி, ட்யூபுக்கு இல்லை. விரல் படக் கூடாத இடம் பின்களுக்கு நடுவில் உள்ள கண்ணாடியும் சாக்கெட்டும் கேப்ஸ்யூல் கம்பி வந்து சேரும் இடமும். பட்டுவிட்டால் 99 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள், கேப்ஸ்யூலைத் தவிர்த்து.

12ஏஎக்ஸ்7க்கு இ.சி.சி.83 என்பது ஐரோப்பியப் பெயர், இரண்டும் ஒன்றே. கிடார் ஆம்ப்புக்கு விற்கும் அதே ட்யூப் மைக்குக்கும் பொருந்தும், ஆனால் இரைச்சல் குறைவு என்று சோதித்துப் பொறுக்கியதை வாங்குங்கள். புதிய ட்யூப் போட்டதும் ஒரு நாள் முழுக்க ஆனில் விட்டுப் பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள். முதல் சில மணி நேரம் அது புதுச்செருப்பு மாதிரி கடிக்கும்.

பெட்டியில் உள்ள பேட்டர்ன் குமிழைத் திருப்பினால் ‘தொம்’ என்று இடிக்கிறது.

அது பழுதல்ல. இத்தகைய மைக்கில் கேப்ஸ்யூலின் பின்பக்கத்திலும் ஒரு சவ்வு உண்டு, குமிழ் அதற்குப் போகும் வோல்ட்டேஜை மாற்றுகிறது. பின் சவ்வில் வோல்ட்டேஜ் இல்லையென்றால் முன்பக்கம் மட்டும் கேட்கும் கார்டியாய்டு. முன் சவ்வின் அதே வோல்ட்டேஜ் என்றால் எல்லாப் பக்கமும். எதிர் வோல்ட்டேஜ் என்றால் முன்னும் பின்னும் மட்டும். கிகா ஓம் வழியாகச் சார்ஜ் நகர நேரம் எடுக்கும். மியூட் செய்துவிட்டுத் திருப்புங்கள், பத்து பதினைந்து விநாடி பொறுத்துத் திறங்கள்.

பெரிய ஸ்டுடியோக்களில் ட்யூப் மைக்கைத் தலைகீழாகத் தொங்க விடுகிறார்கள். ஏன்?

ட்யூபின் சூடு மேலே ஏறும். நிமிர்த்தி வைத்தால் அது கேப்ஸ்யூலைத் தொட்டுப் போகும், கவிழ்த்தால் விலகிப் போகும். இரைச்சலுக்கும் சூட்டுக்கும் உள்ள உறவை மதித்து, 1992இல் வந்த சோனி சி-800ஜி மைக்கில் முதுகில் உலோகச் சிறகுகளும் குளிரூட்டும் பெல்டியர் சில்லும் வைத்தார்கள். நம் சின்ன ஸ்டுடியோவில் கவிழ்ப்பதால் கிடைக்கும் பெரிய லாபம் பாடகருக்குப் பாட்டுத் தாள் மறைக்காமல் இருப்பது.

மல்டிமீட்டரில் கேப்ஸ்யூல் வோல்ட்டேஜ் பார்த்தேன். 60க்குப் பதில் 0.6 காட்டுகிறது. பெட்டி போச்சா?

பெட்டி நன்றாக இருக்கிறது. உங்கள் மீட்டரின் உள் தடை 10 மெகா ஓம். வோல்ட்டேஜ் வருவது 1 கிகா ஓம் வழியாக. நூறில் ஒரு பங்குதான் மீட்டருக்குக் கிடைக்கும்: 0.6. அந்தப் பெரிய ரெசிஸ்டருக்கு முன்னால் அளந்தால் 60 தெரியும். அதேபோல் மைக்கைக் கழற்றிவிட்டுப் பெட்டியின் பின்களை அளப்பதும் ஏமாற்றும். சுமை இல்லாதபோது பல பெட்டிகள் வோல்ட்டேஜைக் கூடுதலாகக் காட்டும். மைக் மாட்டிய நிலையில் மைக் முனையில் அளக்க வேண்டும், அதற்கு உயர் வோல்ட்டேஜில் கை பழகிய ஆள் வேண்டும். ஒரு கையைப் பையில் வைத்துக்கொண்டு வேலை செய்யத் தெரியாதவர் அந்த மூடியைத் திறக்க வேண்டாம்.

பழைய ஜெர்மன் மைக் ஒன்று பரணிலிருந்து கிடைத்திருக்கிறது. சொருகிப் பார்க்கலாமா?

பார்க்காதீர்கள்! பல வருடம் மின்சாரம் காணாத எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்கு நேராக முழு வோல்ட்டேஜ் கொடுத்தால் வெடிக்கலாம். வேரியாக் (வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர்) வைத்து மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும், அல்லது முதலிலேயே மாற்ற வேண்டும். 1950களின் பல பெட்டிகளில் ஏ.சி.யை டி.சி. ஆக்கும் செலினியம் ரெக்டிஃபயர் இருக்கும். அது கருகினால் வரும் புகை நச்சு. அதை எடுத்துவிட்டுச் சிலிக்கான் டையோடு போடுபவர் வோல்ட்டேஜ் ஏறும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். செலினியம் வழியில் தின்றுவந்த வோல்ட்டை டையோடு தின்னாது, அதற்கு ஈடாக ஒரு ரெசிஸ்டர் போட வேண்டும்.

அது 1949இல் வந்த நாய்மன் யு 47 என்றால் இன்னும் நிதானம். அதற்குள் இருக்கும் வி.எஃப். 14 ட்யூபை டெலிஃபுங்கன் தயாரிப்பதை நிறுத்தி அறுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. 55 வோல்ட் ஹீட்டருக்கு வேண்டுமென்றே 35 வோல்ட் அளவுதான் கொடுத்தார்கள், இரைச்சலும் குறைந்தது, ஆயுளும் நீண்டது. ஹீட்டருக்கும் ப்ளேட்டுக்கும் ஒரே 105 வோல்ட் சப்ளை. விவரம் தெரியாத ஒருவர் ‘ஹீட்டருக்கு வோல்ட்டேஜ் குறைவாக இருக்கிறது’ என்று அதைச் ‘சரி’ செய்துவிட்டால் திரும்பக் கிடைக்காத ட்யூப் வேகமாக எரிந்து தீரும். 1960இல் வந்த யு 67 என்றால் கவலை குறைவு, அதன் இ.எஃப். 86 இன்றும் தேடினால் கிடைக்கிறது.

எதுவாக இருந்தாலும் முதலில் ஏழு பின் கேபிளை ஓம் மீட்டரில் ஒவ்வொரு பின்னாகப் பாருங்கள். பரணில் எலி கடிப்பது பெரும்பாலும் அதைத்தான்.